பெட்டி நல்ல பெட்டிதான், சீடி எங்கே?

போன கிழமை களுவாஞ்சிகுடியிலிருந்து அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். பேஸ்புக்கில் யாரோ ஒரு கேம் பெட்டியை விற்கப் போட்டிருக்கிறார்கள், நல்ல மலிவு, வாங்கட்டுமா என்று கேள்வி. "மாமா, இது சுவிட்ச்தானே? நடுவில ஸ்கிரீன் இருக்கு" என்று ஒரு வொய்ஸும் போட்டிருந்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவிட்ச் என்பது நிண்டெண்டோ கம்பெனி பிறகு விட்ட கேம் பெட்டி. இது சுவிட்ச் இல்லை, வீ யூ. நிண்டெண்டோ 2012 நவம்பரில் வெளியிட்டு 2017 ஜனவரியோடு தயாரிப்பை நிறுத்திய பெட்டி.

வாங்காதே என்று ஒரு வரியில் பதில் போட்டேன். ஏன் என்று கேட்டான். வொய்ஸில் சொல்ல வெளிக்கிட்டு நாலு நிமிஷம் தாண்டியும் பாதிகூட முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நல்ல பெட்டி ஏன் தோற்கிறது என்ற கேள்வி பதின்மூன்று வயதிலிருந்து எனக்குள் கிடக்கிறது.

2003ஆம் ஆண்டு, யுத்த நிறுத்தக் காலம். வெளிநாட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் பார்க்க வரத் தொடங்கியிருந்தார்கள். லண்டன் மாமாவும் வந்தார், மட்டக்களப்பு ஊறணியில் இருந்த எங்கள் வீட்டுக்கு. சூட்கேசின் அடியிலிருந்து துவாயில் சுற்றிய ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். சேகா கம்பெனியின் கேம் பெட்டி, ட்ரீம்காஸ்ட். கூடவே மூன்று கேம்: கிரேஸி டாக்ஸி, வேர்ச்சுவா டெனிஸ், அப்புறம் மீன் பிடிக்கிற ஒன்று. அந்த மூன்றாவதுக்கென்றே பக்கத்தில் சுற்றுகிற கைபிடி வைத்த, தூண்டில் மாதிரி ஒரு கொன்ட்ரோலரும் இருந்தது. "மலிவாக் கிடைச்சுது, அதான் எல்லாம் சேர்த்து வாங்கினன்" என்றார் மாமா. ஏன் மலிவு என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

பெட்டியைப் போட்டால் முதலில் ஒரு நீண்ட பீப் சத்தம். கொன்ட்ரோலருக்குள் செருகுகிற மெமரி கார்டுக்கே தனியாக ஒரு சின்னத் திரை உண்டு, அதற்குள் இருக்கிற பட்டன் பற்றரி இறங்கிவிட்டால் அது அப்படித்தான் கத்தும். கொஞ்ச நாள் போடாமல் வைத்துவிட்டுப் போட்டால் திகதி கேட்கும், திரையில் 1998 நவம்பர் 27 என்று நிற்கும். அது ஜப்பானில் அந்தப் பெட்டி கடைக்கு வந்த நாள் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து வளவுப் பெரியப்பா இரவில் வாவிக்குப் போய் விடியப்புறம் மீனோடு வருகிறவர். ஒரு நாள் பின்னேரம் எங்கள் விறாந்தையில் வந்து குந்தி அந்தத் தூண்டிலைக் கையில் வாங்கினார். திரையில் மீன் மாட்டியது, கொன்ட்ரோலர் அதிர்ந்தது. நான் "சுத்துங்க, சுத்துங்க" என்று கத்துகிறேன், அவர் சுற்றவில்லை. "அப்படி இழுத்தாத் தங்கூசி அறுந்திரும் மனே, விட்டு விட்டு இழுக்கோணும்" என்றார். நான் அதுவரைக்கும் ஒவ்வொரு பெரிய மீனையும் அறுத்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் கொஞ்சம் இளக விட்டார், மீன் களைத்தது, இழுத்தார், வந்தது. "கொடுவா மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். வாழ்க்கையில் கேம் கொன்ட்ரோலரைத் தொட்டே இராத ஒரு மனிதரின் கைப்பழக்கத்தை அந்தப் பெட்டி அப்படியே விளங்கிக்கொண்டது. அது எவ்வளவு நல்ல பெட்டி என்பதற்கு எனக்கு இது போதும்.

ஆனால் மூன்று கேமை எத்தனை நாளைக்கு விளையாடுவது? நாலாவது தேடி, பெட்டியை ஷொப்பிங் பேக்கில் போட்டு சைக்கிள் ஹேண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு டவுனுக்குப் போனேன். அங்கே காத்தான்குடி நானா ஒருவர் கேம் கடை வைத்திருந்தார். நாலு டிவி, நாலு பிளேஸ்டேஷன், சுவரோரம் பிளாஸ்டிக் கதிரைகள், மணித்தியாலக் கணக்கில் காசு. நானா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூடியைத் திறந்து லென்ஸைப் பார்த்தார், மூடினார்.

"தம்பி, பெட்டி நல்ல பெட்டி. எனக்கே ஆசையாத்தான் இருக்கு. ஆனா இதுக்குச் சீடி எங்க மனே எடுக்கிற? கொழும்பு புறக்கோட்டையில நான் போற கடையில இது இல்ல."

"சொல்லி எடுப்பிக்க ஏலாதா நானா?"

"நாலு பேர் வெச்சிருந்தா நான் எடுப்பிப்பன். நீ ஒராள்தானே வெச்சிருக்காய்."

சீடி இல்லாததால் யாரும் அந்தப் பெட்டியை வாங்கவில்லை, யாரும் வாங்காததால் சீடி வரவில்லை. உலகத்தில் தோற்ற கேம் பெட்டிகள் அநேகமாக எல்லாவற்றின் கதையும் நானா சொன்ன அந்த வசனத்துக்குள் இருக்கிறது. பிறகு எத்தனையோ வாசித்தும் அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை.

எங்கள் அம்மா கனகாலம் சீட்டுப் பிடித்தவர், ஆகவே எனக்கு இது சீட்டுக் கணக்கிலேதான் விளங்கும். ஒரு மின்விசிறி வாங்கினால் காசு கொடுத்த அன்றே காற்று வரும், அதோடு கணக்கு முடிந்தது. கேம் பெட்டி அப்படியில்லை, சீட்டில் சேருகிற மாதிரி. இனி வரப்போகிற கேமுக்காக நீ இன்றைக்கே காசு கட்டுகிறாய். கேம் செய்கிற கம்பெனி, நிறையப் பேர் இந்தப் பெட்டியை வாங்குவார்கள் என்று நம்பி இரண்டு மூன்று வருஷ உழைப்பைப் போடுகிறது, கடைக்காரர் தட்டில் இடம் ஒதுக்குகிறார், பெட்டியைச் செய்தவர்களோ பல நேரம் இலாபமே இல்லாமல், சிலவேளை நட்டத்துக்குக்கூட விற்றுவிட்டு கேம் விற்பனையில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே காசு போடுகிறார்கள். "இந்தச் சீட்டு உடையப் போகுதாம்" என்று ஒருவர் முணுமுணுத்தால் போதும், அடுத்த மாதம் பாதிப் பேர் கட்ட மாட்டார்கள், அப்போது அது உண்மையாகவே உடையும்.

சேகாவுக்கு நடந்தது அதுதான், ஆனால் ட்ரீம்காஸ்டில் தொடங்கவில்லை. 1994 நவம்பரில், ஏற்கெனவே இருந்த மெகா டிரைவ் பெட்டியின் மேலே பூட்டுகிற 32எக்ஸ் என்ற ஒன்றை அமெரிக்காவில் 159 டொலருக்கு விட்டார்கள். நத்தாருக்குப் பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தவர்கள் மூச்சு விடுவதற்குள், 1995 மே 11 அன்று லொஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சி மேடையில் ஏறி, செப்டெம்பரில் வரும் என்று சொல்லியிருந்த சாட்டர்ன் பெட்டி இன்றைக்கே கடைகளில் இருக்கிறது, விலை 399 டொலர் என்றார்கள். எல்லாக் கடைகளிலும் இல்லை, நாலு பெரிய கடை நிறுவனங்களில் மட்டும். விடுபட்ட கேபி டோய்ஸ் என்ற நிறுவனம் கோபத்தில் சேகா பெட்டியைக் கடையில் வைக்கவே மறுத்தது. செப்டெம்பரை நம்பி வேலை செய்துகொண்டிருந்த கேம் கம்பெனிகளிடம் விற்க எதுவும் தயாராக இல்லை. அதே கண்காட்சியில் சோனியின் ஆள் மேடைக்கு வந்து "299" என்று ஒரே ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார், அதுதான் பிளேஸ்டேஷனின் விலை.

போட்டியில் முந்துவதற்காக எடுத்த ஒரு முடிவில் வாங்குபவர், விற்பவர், செய்பவர் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஏமாந்தார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் பதறும், ஏனென்றால் பிறகு வந்த ட்ரீம்காஸ்டைச் செய்தவர்கள் தங்களால் முடிந்ததை எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். விலை 199 டொலர்தான். பெட்டிக்குள்ளேயே இன்டர்நெட் மோடம் இருந்தது, 1999இல்! 1999 செப்டெம்பர் 9இல் அமெரிக்காவில் வந்தபோது நன்றாகவும் விற்றது. ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பே, மார்ச்சில், சோனி பிளேஸ்டேஷன் 2 வருகிறது என்று அறிவித்துவிட்டது. சேகாவிடம் இரண்டு தடவை காசைக் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள், சரி, ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்துவிட்டார்கள். விளையாட்டுக் கேம்களுக்குப் பேர்போன இஎ (எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ்) கம்பெனி ட்ரீம்காஸ்டுக்கு ஒரு கேம்கூடச் செய்யவில்லை. எங்கள் ஊரில் இதன் அர்த்தம் கிரிக்கெட் இல்லை என்பது. இஎ செய்த கிரிக்கெட் கேம்கள் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தன, நானாவின் கடையில் சனிக்கிழமை பொடியன்கள் வரிசையில் நின்றது அதற்குத்தான். கிரிக்கெட் இல்லாத பெட்டியை மட்டக்களப்பில் யார் காசு கொடுத்து விளையாடுவார்கள்?

2001 ஜனவரி 31 அன்று சேகா ட்ரீம்காஸ்டை நிறுத்துவதாக அறிவித்தது. மாமா லண்டனில் ஏன் மலிவாக வாங்கினார் என்பதற்கு இதுதான் விடை, நான் மடியில் வாங்கியபோதே அது செத்து இரண்டு வருஷம். மொத்தம் விற்றது கிட்டத்தட்ட 91 இலட்சம், பிளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடிக்கு மேல். அந்த நேரம் சேகாவின் தலைவராக இருந்த இசாவோ ஒகாவா, நோயோடு போராடிக்கொண்டே, தன் சொந்தப் பங்குகளில் கிட்டத்தட்ட 70 கோடி டொலர் பெறுமதியானதைக் கம்பெனிக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு அந்த மார்ச்சில் காலமானார். சீட்டு உடைந்தபோது தன் வீட்டுக் காசை எடுத்து வைத்த மனிதர். சேகா இன்றும் கேம் செய்துகொண்டிருக்கிறது என்றால் அதில் அவர் பங்கு பெரியது, அவர் பெயர் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

கள்ளக் கொப்பிதான் ட்ரீம்காஸ்டைக் கொன்றது என்று சொல்பவர்கள் நிறைய. கொப்பி சீடியை ஓட வைக்கிற சிப் எதுவும் பூட்டாமலே சாதாரண சீடியில் எழுதின கேம் அதில் ஓடியது, அது உண்மை, சேகாவுக்கு அடியும் விழுந்திருக்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் பிளேஸ்டேஷன் ஒன்றும் இரண்டும் ஓடியதே கொப்பி சீடியில்தான், சிப் பூட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், அந்தப் பெட்டிகள் சாகவில்லையே. ட்ரீம்காஸ்டுக்கோ கொப்பி சீடிகூட எங்கள் ஊர்வரை வந்து சேரவில்லை. ஏற்கெனவே நம்பிக்கை போன சீட்டில் கள்ளனும் புகுந்தான் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நானா கொஞ்சக் காலத்தில் இரண்டு டிவிக்குப் பிளேஸ்டேஷன் 2 எடுத்தார். அவருக்கு அதில் பெரிய நிம்மதி, அவர் நிறைய வைத்திருந்த பழைய பிளேஸ்டேஷன் சீடிகளும் அதில் ஓடின, ஒன்றையும் எறிய வேண்டியதில்லை. என்னோடு படித்த ஒருவன் வீட்டுக்கும் வந்தது. அவன் அப்பா கேமுக்குக் காசு கொடுக்கிற ஆள் இல்லை, ஆனால் அதில் டிவிடி போட்டுப் படம் பார்க்கலாம் என்று தெரிந்ததும் வாங்கிவிட்டார். அவனுடைய அக்காவின் கலியாண டிவிடியை அந்த வீட்டில் அதில் போட்டுத்தான் எல்லாரும் கூடியிருந்து பார்த்தார்கள். ஒரு பெட்டி வீட்டுக்குள் வர வேண்டுமானால் விளையாடாதவருக்கும் அதில் ஒரு காரணம் இருக்க வேண்டும். சோனிக்கு அது விளங்கியிருந்தது.

விலையால் போனவையும் உண்டு. 1993இல் 3டிஓ என்ற பெட்டி 699 டொலருக்கு வந்தது. பேராசை என்றுதான் முதலில் நினைத்தேன், உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு வேறு. 3டிஓ கம்பெனி தானே பெட்டி செய்யவில்லை, வடிவமைப்பைக் கொடுத்து பனசொனிக் போன்றவர்களைச் செய்ய வைத்தது. கேம் விற்பனையில் வரும் பங்கு 3டிஓவுக்குப் போகும், ஆகவே பெட்டி செய்தவர் தன் இலாபத்தைப் பெட்டியிலேயே எடுக்க வேண்டும். மற்றவர்களெல்லாம் பெட்டியை நட்டத்துக்குக்கூட விற்கிற சந்தையில் அது எப்படி நிற்கும்?

அடுத்தவரின் பழக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் போனவைதான் எனக்கு இன்னும் கவலை தருபவை. நொக்கியா 2003 ஒக்டோபரில் விட்ட என்-கேஜ் போனும் கேமும் சேர்ந்த ஒன்று, யோசனை அருமை, பிறகு உலகமே அந்தப் பக்கம்தான் போனது. ஆனால் கேம் கார்டை மாற்ற மூடியைக் கழற்றி, பற்றரியை வெளியே எடுத்து, கார்டை மாற்றி, திரும்பப் பூட்டிப் போனைப் போட வேண்டும். கதைப்பதென்றால் போனின் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். செய்துமுடித்த பிறகு ஒரு பஸ்ஸில் கொடுத்து ஒரு பொடியனை அரை மணித்தியாலம் பாவிக்க விட்டிருந்தால் இந்தப் பிழை அன்றைக்கே தெரிந்திருக்கும். சோனிக்கும் இது நடந்தது, பிஎஸ் வீட்டா கைக்கடக்கமான அழகான பெட்டி, ஆனால் சாதாரண மெமரி கார்டு அதற்குப் போடாது, சோனியின் கார்டுதான் வேண்டும், 32 ஜிபி கார்டு மட்டும் ஆரம்பத்தில் 100 டொலர்.

2013இல் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்பொக்ஸ் வன் என்ற பெட்டியை அறிவித்தபோது, பெட்டி நாளுக்கு ஒரு தடவையாவது இன்டர்நெட்டைத் தொட வேண்டும், ஒருவர் வாங்கிய டிஸ்க்கை அடுத்தவருக்குக் கொடுக்கக் கட்டுப்பாடு உண்டு என்றார்கள். ஒரு டிஸ்க் ஊறணியில் தொடங்கிக் கல்லடி வரைக்கும் பத்து வீடு சுற்றித் திரும்பி வருவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, எங்களை அவர்கள் மனிதராகவே எண்ணவில்லை போல இருந்தது. சோனி அதற்குப் பதிலாக ஒரு சின்ன வீடியோ போட்டது, பிளேஸ்டேஷன் 4இல் கேமைப் பகிர்வது எப்படி என்று. ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் வாங்குகிறார், அவ்வளவுதான் வீடியோ. மைக்ரோசொஃப்ட் அடுத்த சில நாளிலேயே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது, ஆனால் முதலில் கேட்ட சொல்தான் மனதில் நிற்கும், அதோடு அவர்கள் பெட்டி 100 டொலர் கூடவும் இருந்தது.

சீட்டு உடைந்த பிறகு காசைத் திருப்பிக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. கூகுளின் ஸ்டேடியா, தனிப் பெட்டி இல்லாமல் இன்டர்நெட் வழியாகவே கேம் விளையாடுகிற சேவை, 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரி 18இல் மூடியது, தங்களிடம் வாங்கியவர்களுக்குக் கேம் காசையும் கொன்ட்ரோலர் காசையும் கொடுத்தார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் தொடக்கத்திலேயே "இவங்க எப்பவும் மூடிட்டுப் போறவங்கதானே" என்று எல்லாரும் கதைத்தபோது, யார் நம்பிக் காசு போடுவது?

சரி, வீ யூவுக்கு வருவோம், மருமகன் காத்திருக்கிறான்.

வீ என்ற பெட்டி 10 கோடிக்கு மேல் விற்றது. கிழவர் கிழவிகூட கையை வீசி டெனிஸ் விளையாடின பெட்டி. அதற்கு அடுத்ததுக்கு நிண்டெண்டோ வைத்த பெயர் வீ யூ. விளம்பரத்தில் எல்லாரும் பார்த்தது கையில் பிடிக்கிற திரையை, அதனால் பழைய வீக்குப் பூட்டுகிற ஏதோ சாமான் என்று நினைத்துவிட்டார்கள். புதுப் பெட்டி ஒன்று வந்திருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாமல் போய்விட்டது. விற்றது 1 கோடி 35 இலட்சம் சொச்சம். முதல் வருஷம் விற்பனை மந்தம் என்றதும் மற்றக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன, பிறகு நிண்டெண்டோ தனியாகத்தான் சீட்டைக் கட்டிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வருஷம் கழித்தும் எங்கள் பொடியன் படத்தைப் பார்த்து "இது சுவிட்ச்தானே" என்று கேட்கிறான் பாருங்கள், அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை.

அவன் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கையில் திரை, டிவியிலும் விளையாடலாம் என்ற அதே யோசனையைத்தான் 2017 மார்ச்சில் சுவிட்ச் திருத்தமாகச் செய்தது. வீ யூவில் அந்தத் திரையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவதே கஷ்டம், பெட்டியை விட்டுத் தூரம் போனால் படம் போய்விடும். சுவிட்சில் திரைதான் பெட்டி. மரியோ கார்ட் 8 முதலில் 2014இல் வீ யூவுக்குத்தான் வந்தது, 80 இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல் விற்றது. அதே கேமைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து சுவிட்சில் விட்டார்கள், 6 கோடியைத் தாண்டிவிட்டது. பாதைகள் அதே, வாழைப்பழத் தோலும் அதே, மாறியது பெட்டி மட்டும்தான்.

ஆகவே மருமகன், நான் வேண்டாம் என்றது அது கூடாத சாமான் என்பதால் இல்லை. அதன் ஒன்லைன் கடை 2023 மார்ச் 27இல் மூடியாயிற்று, புதிதாக ஒன்றும் வாங்க முடியாது. மற்றவர்களோடு ஒன்லைனில் விளையாடுவதும் 2024 ஏப்ரலோடு முடிந்தது. விற்கிறவர் கையில் என்ன டிஸ்க் இருக்கிறதோ அதுதான் உன் பெட்டி. எத்தனை தருகிறார், என்ன என்ன தருகிறார் என்று முதலில் கேள். சீடியை எண்ணிவிட்டுப் பெட்டிக்கு விலை சொல்லு, நானா இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய பதில் வந்துவிட்டது. ஐந்து டிஸ்க், இரண்டு கொன்ட்ரோலர், விலையில் இன்னும் கொஞ்சம் குறைப்பாராம். டிஸ்க் ஐந்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதில் மரியோ கார்ட் இருந்தால் வாற ஞாயிறு களுவாஞ்சிகுடிக்குப் போகிறேன், போகும்போது அம்மாவின் அலுமாரி மேலே இருக்கிற ட்ரீம்காஸ்டையும் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு, வழியில் இரண்டு பட்டன் பற்றரியும் வாங்க வேண்டும்.